சுற்றுலாப் பயணி என்பவர் யார்? - இலங்கை விசா விதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2024 பிப்ரவரியில் சென்னையிலிருந்து பலாலிக்குப் போன சிறிய விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கனடாவிலிருந்து வந்து, சென்னையில் உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு, ஊருக்குப் போகிறார். இறங்குவதற்கு முன்னால் ஆளுக்கொரு வருகை அட்டை கொடுத்தார்கள். "தம்பி, கண்ணாடியைப் பெட்டிக்குள்ள போட்டிட்டன். இதை ஒருக்கா நிரப்பித் தாங்கோ" என்றார்.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதியாயிற்று. 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் பேனா நின்றது. "சுற்றுலான்னு போடட்டுமா அக்கா?"

"வேற என்னத்தைப் போடுறது? ஊருக்குப் போறன் எண்டு போட இதில இடமில்லையே."

அடுத்தது, இலங்கையில் தங்கும் முகவரி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் மயிலிட்டியில பிறந்தனான். தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள். காணியில பாதி இன்னும் கம்பிவேலிக்கு உள்ளுக்கு நிக்குது. ஹோட்டல் பேரைப் போடுங்கோ" என்றார்.

மயிலிட்டி, பலாலி விமானதளத்திற்கு அடுத்த ஊர். தான் பிறந்த ஊரின் ஓரத்தில் விமானத்தில் இறங்கிய ஒரு பெண், ஹோட்டல் முகவரியோடு முப்பது நாள் அனுமதி பெற்ற 'சுற்றுலாப் பயணி'யாக வரிசையில் நின்றார். அந்த அனுமதிக்கு அவர் 50 டாலர் கட்டியிருந்தார். எனக்கு இலவசம். 2023 நவம்பரில் இலங்கை அரசு ஏழு நாட்டவருக்குச் சோதனை முயற்சியாகக் கட்டணத்தை நீக்கியிருந்தது, அதில் இந்தியாவும் ஒன்று. அந்த மண்ணோடு எந்த ரத்த உறவும் இல்லாத நான் சும்மா போகலாம். அங்கே பிறந்தவர் காசு கட்ட வேண்டும்!

அக்கா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் இது உறுத்திக்கொண்டே இருந்தது. விசா என்றால் ஏதோ டிராவல் ஏஜெண்ட் சமாச்சாரம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஓர் அரசு தன்னை எப்படிப் புரிந்துகொள்கிறது, யாரை 'உள்ளே', யாரை 'வெளியே' வைக்கிறது என்பதை அரசியல் சாசனத்தைவிட விசாப் படிவம் பச்சையாகச் சொல்கிறது. அதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்கு இதுவே சரியாகத் தெரியாது. நானும் போவதற்கு முந்தின வாரம்தான் படித்தேன்.

இலங்கையில் இதற்குப் பொறுப்பு குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். தலைமை அலுவலகம் கொழும்புக்கு அடுத்த பத்தரமுல்லையில் இருக்கிறது. 2011 முடிய இந்தியா உட்படப் பல நாட்டவர் விமான நிலையத்தில் இறங்கியதும் இலவசமாக முத்திரை குத்திக்கொண்டு உள்ளே போக முடிந்தது. 2012 ஜனவரியில் 'மின்னணுப் பயண அனுமதி' என்ற முறை வந்தது. ஈ.டி.ஏ. என்று சொல்கிறார்கள். கிளம்பும் முன்பே கணினியில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அனுமதி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். தெற்காசிய நாட்டவருக்கு ஒரு கட்டணம், மற்றவர்க்கு அதைவிடக் கூடுதல் என்பதுதான் அதன் வழக்கமான அமைப்பு. சிங்கப்பூர், மாலத்தீவு, செஷல்ஸ் போன்ற மிகச் சில நாட்டவருக்கு மட்டும் இது வேண்டாம் என்று விலக்கு வைத்தார்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஈ.டி.ஏ. என்பது விசா அல்ல. விசா கேட்டு வருவதற்கான அனுமதி, அவ்வளவுதான். உண்மையான விசாவை இறங்கும் துறையில் உட்கார்ந்திருக்கும் குடிவரவு அதிகாரி தருகிறார். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பிப் போகும் டிக்கெட், தங்கும் காலத்துக்குப் போதுமான பணம் - இந்த மூன்றையும் அவர் கேட்கலாம். எல்லாம் இருந்தும் மறுக்கலாம். அனுமதித்தால் முதலில் 30 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பித்துத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டணங்களும் விலக்கு பெறும் நாடுகளின் பட்டியலும் அடிக்கடி மாறுபவை. போகிறவர்கள் கிளம்பும் வாரத்தில் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிட முக்கியம் 'நோக்கம்' பற்றிய பட்டியல். சுற்றுலா, வணிகம், இடைத்தங்கல் என மூன்று வகை. நான் படித்த பட்டியலில் சுற்றுலா என்பதற்குள் வருபவை: ஊர் சுற்றிப் பார்த்தல், விடுமுறை கழித்தல், நண்பர்களையும் உறவினர்களையும் பார்த்தல், ஆயுர்வேதமும் யோகாவும் சேர்ந்த மருத்துவம், விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளுதல். கருத்தரங்கு, பயிலரங்கு, கலை - இசை - நடன நிகழ்ச்சி, சமய நிகழ்ச்சி இவையெல்லாம் எங்கே இருக்கின்றன தெரியுமா? 'வணிகம்' என்ற தலைப்பின் கீழ்! யாழ்ப்பாணத்தில் ஒரு கவிதைக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகும் நம் சிறுபத்திரிகைக்காரர், அரசின் கண்ணில் வியாபாரி. நம்முடைய சந்தா நிலவரம் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்காது.

பத்திரிகையாளர்களுக்கு வழி வேறு. முன்கூட்டியே ஊடக அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ எந்த வேலையும் பார்க்கக் கூடாது. 'சம்பளம் இல்லாமல்' என்பதைக் கவனியுங்கள். செயல்பாட்டாளர்கள் செய்கிற வேலை எல்லாமே அதற்குள் அடக்கம்.

3

இந்தப் பட்டியல் திடீரென்று முளைத்ததல்ல. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் கரையில் தொடங்குகிறது.

நவீன அரசுகள் பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்த கதையை ஜான் டோர்பி என்ற சமூகவியலாளர் 2000இல் ஒரு நூலாக எழுதினார். முதலாளியம் உற்பத்திச் சாதனங்களை உழைப்பாளியிடமிருந்து பறித்தது என்றார் மார்க்ஸ். நியாயமான வன்முறைக்கான ஏகபோகத்தை அரசு எடுத்துக்கொண்டது என்றார் வெபர். டோர்பி இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்: நியாயமான நடமாட்டத்துக்கான ஏகபோகமும் அரசிடம் போய்விட்டது. ஒருவர் தன் காலால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது 'உரிமை' என்பதிலிருந்து 'சலுகை' ஆகிவிட்டது.

இலங்கையில் இது நடந்த விதம் தெளிவானது. 1914இலிருந்து சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர். நடுவில் கடல் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் திறந்த வழியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, நோய்ச் சோதனை செய்யப்பட்டு, பதிவு செய்யப்பட்டார்கள். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று காட்ட எண் பொறித்த தகர டிக்கெட் கொடுத்த காலமும் உண்டு. துரைக்குக் கேள்வி கிடையாது, கூலிக்குத் தகரம். விசாவின் முன்வடிவம் இதுதான்: யாருடைய உடல் யாருக்குச் சொந்தம் என்பதற்கான சீட்டு.

சுதந்திரம் வந்ததும் என்ன ஆயிற்று? 1948இல் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. இன்னொன்று, 20ஆம் எண் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவது சட்டத்தைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டும் ஒரே கதவின் இரண்டு பக்கங்கள். முதலாவது யார் 'நம்மவர்' அல்ல என்று சொல்கிறது. இரண்டாவது, நம்மவர் அல்லாதவரை என்ன செய்யலாம் என்று சொல்கிறது. இன்று நாம் வாங்கும் சுற்றுலா விசாவும் அந்த 20ஆம் எண் சட்டத்தின் கீழ் தரப்படுவதுதான்.

அந்தச் சட்டம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லை ஊன்றிவிட்டது: 'கள்ளத்தோணி'. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களையும் கள்ளத்தோணி என்றார்கள். சிங்களத்திலும் அதே சொல்தான். யாழ்ப்பாணத்து மேட்டுக்குடிகளின் வாயிலும் அது சரளமாகப் புழங்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் போட்டது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது, போட் மெயிலின் பழைய வழி முடிந்தது. கடல் செய்ததும் காகிதம் செய்ததும் ஒரே ஆண்டில்.

4

இனி 'சுற்றுலாப் பயணி' என்ற அந்த மனிதரிடம் வருவோம். அவர் யார்? படிவம் சொல்வதை எல்லாம் கூட்டிக் கழித்தால் கிடைப்பது இது: பணத்தோடு வருபவர், பார்ப்பவர், திரும்பிப் போகிறவர். பார்க்கலாம், கேட்கக் கூடாது. படம் எடுக்கலாம், எதை எடுக்கிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். பேசலாம், கூட்டத்தில் பேசக் கூடாது. நான் இதை மிகைப்படுத்தவில்லை. 2013ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் உச்சிமாநாடு நவம்பரில் கொழும்பில் நடந்த காலம் அது.

அக்டோபரில், ஊடகப் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்ட சர்வதேசப் பத்திரிகையாளர் சம்மேளனத்தைச் சேர்ந்த இருவர் சுற்றுலா விசா விதியை மீறினார்கள் என்று தடுத்து வைக்கப்பட்டார்கள். நவம்பரில், வடக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொழும்பில் பத்திரிகையாளரைச் சந்திக்க முற்பட்ட ஆஸ்திரேலிய செனட்டர் லீ ரியானனும் நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜேன் லோகியும் சில மணி நேரம் தடுத்து விசாரிக்கப்பட்டார்கள். அதே நவம்பரில், நார்வே குடியுரிமை பெற்ற கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன் மாங்குளத்தில் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். சுற்றுலா விசாவில் வந்து கூட்டங்களில் பேசினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. டிசம்பரில், தமிழகத்துப் பத்திரிகையாளர் மகா.தமிழ்ப் பிரபாகரன் கிளிநொச்சியில் பிடிபட்டார். ராணுவ நிலைகளைப் படம் எடுத்ததாகச் சொன்னார்கள். அவரும் திருப்பி அனுப்பப்பட்டார்.

நான்கு சம்பவங்கள், அரசு கையில் எடுத்தது ஒரே கருவி. பயங்கரவாதத் தடைச் சட்டம் தேவைப்படவில்லை, தணிக்கை தேவைப்படவில்லை. 'நீங்கள் சொன்ன நோக்கம் வேறு, செய்த காரியம் வேறு' என்ற ஒரு வரி போதும். கருத்துக்காகத் தண்டித்தார்கள் என்ற பெயரும் வராது, வெறும் விதிமீறல்.

இதில் ஜெயபாலனின் கதை தனி. மற்ற மூன்றிலும் வெளியாட்கள் வெளியேறினார்கள். ஜெயபாலன் அங்கே பிறந்து, அங்கே எழுதத் தொடங்கியவர். வேறொரு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்பது 1948 சட்டம். 1987இல் அதில் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தந்தார்கள். 2011இல் நிறுத்தினார்கள். 2015இல் மறுபடி தொடங்கினார்கள். ஆக 2013இல், அகதியாகப் போன ஒரு ஈழத்தமிழர் தன் ஊருக்கு வர வேண்டுமென்றால் சுற்றுலாப் பயணி என்ற வேடத்தைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. போட்ட வேடத்துக்குப் பொருந்தாமல் நடந்தார் என்று பிறகு அவரையே குற்றம் சொன்னார்கள்.

தமிழருக்கு மட்டும்தான் இப்படி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். அவர் பௌத்த ஈடுபாடு உள்ளவர்! 2017இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து நஷ்டஈடு தரச் சொன்னது. சிங்கள - பௌத்த அரசு எதை அவமதிப்பு என்று நினைக்கிறதோ அதுவே குடிவரவு விதியாக மாறிவிடுகிறது. அதே நாட்டின் நீதிமன்றம் அதைத் திருத்தவும் செய்தது. இரண்டையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

5

விசா வாங்கி உள்ளே போய்விட்டால் தீவு முழுக்கத் திறந்துவிடுமா? போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்து, 2014 அக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி பெற வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. காலி, கண்டி, நுவரெலியா எல்லாம் ஒரே விசாவில் போகலாம். ஓமந்தை சோதனைச் சாவடியைத் தாண்ட மட்டும் இரண்டாவது அனுமதி. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்த உத்தரவை நீக்கினார்கள்.

இந்த மூன்று மாதக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே நாடு, ஒரே சட்டம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் அரசு, தன் வடக்கை இன்னொரு நாடு மாதிரி நடத்தி, நடுவில் ஒரு விசாவை வைத்தது. பிரிவினைவாதம் என்று யாரைச் சொன்னார்களோ அவர்கள் வரைந்த கோட்டைக் கொஞ்ச காலம் பாதுகாப்பு அமைச்சே வரைந்து காட்டியது.

இறையாண்மை, இறையாண்மை என்று சொல்லப்படுவதன் இன்னொரு முகம் 2024இல் தெரிந்தது. நான் போய்வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17ஆம் தேதி, ஈ.டி.ஏ.க்குப் பதிலாகப் புதிய இணையவழி விசா முறை வந்தது. விண்ணப்பங்களைக் கையாளும் வேலை வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களின் கூட்டுக்குப் போனது. கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் சேர்ந்து, பலருக்குத் தொகை 100 டாலரைத் தாண்டியது. எதிர்ப்புக் கிளம்பியது. எம்.ஏ.சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க - ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர் - உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி நீதிமன்றம் புதிய முறையை நிறுத்திவைத்து, பழைய ஈ.டி.ஏ. முறைக்குத் திரும்பச் சொன்னது. உத்தரவை நிறைவேற்றவில்லை என்று நீதிமன்ற அவமதிப்புக்காகத் திணைக்களத்தின் தலைமை அதிகாரியே செப்டம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பிறகுதான் பழைய முறை திரும்பியது.

யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது இறையாண்மையின் உச்சம் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் அது டெண்டர் விடக்கூடிய ஒரு கவுண்ட்டர். கதவு தேசத்துடையது, கதவுக் காசு வேறு யாருக்கோ. போராடிய கவிஞரைப் பிடிக்க விசா 'தேசப் பாதுகாப்பு', வருமானம் என்று வந்தால் அதே விசா 'சேவை'.

6

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தியாவை நல்ல பிள்ளையாக விட்டுவிட்டால் அது அயோக்கியத்தனம். கூலிகளை நிறுத்திவைத்த அதே மண்டபம் முகாம் 1983க்குப் பிறகு ஈழத்து அகதிகளின் முகாம் ஆயிற்று. தமிழ்நாட்டு முகாம்களில் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவிட்டது. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. திருச்சி 'சிறப்பு முகாம்' பற்றி இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உரிமைகளைப் பெறுவதற்கே ஓர் உரிமை வேண்டியிருக்கிறது என்று ஹன்னா அரெண்ட் 1951இல் எழுதியது ஐரோப்பிய அகதிகளைப் பற்றி. மண்டபத்தில் வைத்தும் வாசிக்கலாம்.

இவர்கள் திரும்பிப் போனால்? 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் கைதுசெய்யப்பட்டார். முன்னொரு காலத்தில் உரிய கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது குற்றம். சட்டம்? அதே 1948, 20ஆம் எண். குண்டு விழும்போது படகில் ஏறியவர் பத்தரமுல்லைக்குப் போய் முத்திரை வாங்கியிருக்க வேண்டும் போல! நான் ஹோட்டல் பெயரை எழுதி இலவசமாக நடந்துபோன அதே வாசலில், ஊர்க்காரர் ஒருவர் வெளியே போன குற்றத்துக்காக உள்ளே வரும்போது பிடிபட்டார்.

சரி, இரண்டு அரசுகள் இருக்கும் வரை விசா இல்லாமல் எப்படி, இது கற்பனாவாதம் அல்லவா என்று தோழர்கள் கேட்கலாம். கற்பனை அல்ல. அரசுகளே கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருக்கிறது. 1974 ஜூன் கச்சத்தீவு ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்காக இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. தீவைக் கொடுத்தது சரியா தவறா என்ற நம் மேடைச் சண்டையில் இந்தப் பிரிவை யாரும் நிதானமாக வாசிப்பதில்லை. இலங்கை மண்ணில் இந்தியர் ஒருவர் விசா இல்லாமல் கால் வைக்கச் சட்டப்படி இடம் இருக்கிறது, அதற்குக் காரணம் வியாபாரமோ சுற்றுலாவோ அல்ல. பழக்கம். அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரைச் சனங்களும் போய்வந்த பழக்கம். அதை இரண்டு அரசுகளும் ஓர் உரிமையாக ஏற்று எழுதியிருக்கின்றன.

காகிதத்தில் இருப்பது அப்படியே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. போர்க்காலத்தில் திருவிழாவே இல்லை. நான் பலாலியில் இறங்கிய அதே 2024 பிப்ரவரியில், மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். நம் இழுவைப் படகுகள் தங்கள் கடலை வாரிக்கொண்டு போகின்றன என்ற வடக்கு மீனவரின் கோபமும் நியாயமானது. இருந்தாலும் ஒன்று நிரூபணமாகிறது: உறவையும் பழக்கத்தையும் அடிப்படையாக வைத்து ஒரு நுழைவு விதியை எழுத முடியும். எழுதியிருக்கிறார்கள். ஒரு சின்னத் தீவுக்கு எழுதியதை அகதிகளாகப் போனவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஏன் எழுத முடியாது? 'ஊருக்குத் திரும்புதல்' என்று படிவத்தில் ஒரு கட்டம். கட்டணம் இல்லை, முப்பது நாள் கணக்கு இல்லை. நம்முடைய கோரிக்கை இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு குறிப்பாகவும் இருக்கலாம்.

7

கடைசியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. இப்போது பலாலிக்கு விமானம் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது, விட்டுவிட்டு ஓடுகிறது. தமிழகத்து எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் நிறையப் போகிறோம். சுற்றுலா விசாவில் போய், கூட்டத்தில் பேசி, முள்ளிவாய்க்காலில் நின்று படம் எடுத்து, திரும்பிவந்து தொடர் எழுதுகிறோம். விசா விதியை ஏமாற்றிவிட்டோம் என்று ஒரு சின்னப் பெருமிதம் வேறு.

மேலே சொன்ன 2013 சம்பவங்களை இன்னொரு தரம் பாருங்கள். வெளியிலிருந்து போனவர்களுக்கு நேர்ந்தது அதிகபட்சம் வீட்டுக்கு ஒரு விமானப் பயணம். கூட்டம் ஏற்பாடு செய்தவர், வீட்டில் தங்கவைத்தவர், மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனவர் - இவர்களுக்குப் போக வேறு நாடு இல்லை. விசாரணை அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் என்னிடம் ஒரு நண்பர் சொன்னார்: "நீங்கள் பேசிப்போட்டுப் போயிடுவியள். பிறகு வந்து கேக்கிறது எங்களிட்டத்தான். ஆர் வந்தது, என்ன கதைச்சது, ஆர் காசு தந்தது எண்டு." அவர் குற்றம் சாட்டவில்லை, தகவலாகச் சொன்னார். நான் அன்று பேசுவதாக இருந்த ஒரு சின்னச் சந்திப்பில் பேசவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பயமா, பொறுப்பா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

ஆகவே போகிறவர்கள் கருத்தரங்குக்குப் போனால் அதற்குரிய வகையில் விண்ணப்பியுங்கள். 'வணிகம்' என்ற சொல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதையே நிரப்புங்கள். அனுமதியில்லாத காரியத்தைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், முடிவை விருந்தாளி எடுக்கக் கூடாது, விலை கொடுக்கப் போகிற வீட்டுக்காரர் எடுக்கட்டும். சுற்றுலாப் பயணி என்ற அந்த மனிதர் நமக்குள்ளும் இருக்கிறார்: வந்து, பார்த்து, நெகிழ்ந்து, திரும்பிப் போகிறவர். அரசு அவரை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்க மயிலிட்டிக்குப் போனேன். விடுபட்ட பாதிக் காணியில் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு தெரிந்தது. படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. நீங்கள் போயிடுவியள். எனக்கு இன்னும் இருபத்தேழு நாள் கிடக்கு" என்றார்.